சத்தி பக்கம் ஒரு பாலமும் இரண்டு மாடும்

புதுக் கயிறு இரண்டைச் சுருட்டிப் பையின் அடியில் வைத்து, அதன்மேல் என் வேட்டி சட்டையை அடுக்கி, "வெறுங்கையோட திரும்பி வந்தீங்கன்னா இந்தக் கயித்த உங்களுக்குத்தான் கட்டணும்" என்று சொல்லி என்னை ரயிலேற்றிவிட்டாள் என் மனைவி. மாட்டை விற்கிறவர்கள் கயிற்றைத் தரமாட்டார்கள். வாங்குகிறவன்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே மற்ற சாமான் எதை மறந்தாலும் கயிற்றை மறக்கவில்லை.

எங்களுக்குத் தஞ்சாவூர்ச் சீமையில் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரிக் கடைமடை. வீட்டுப் பசு கிழடாகிப்போனதிலிருந்து நல்ல கறவை மாடு தேடிக்கொண்டிருந்தோம். பால் வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர்தான் துப்புக் கொடுத்தார். சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் சாந்தாமணி என்று ஒரு அம்மா இரண்டு மாட்டை விற்கப் போகிறாராம். "தங்கமான மாடுங்க. அந்தப் பக்கம் மாடுகூட மரியாதையா இருக்கும்" என்றார். மாட்டுக்கு என்ன மரியாதை என்று சிரித்தேன்.

கோயம்புத்தூரில் இறங்கியதும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. விடிந்தும் விடியாத நேரம், காற்றில் ஈரமே இல்லை, சட்டை முதுகில் ஒட்டவில்லை. எங்கள் ஊரில் குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் மறுபடி வியர்த்துவிடும். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை தேடினால் எல்லாப் பலகையிலும் பேக்கரி, பேக்கரி என்றே இருக்கிறது. டீ குடிக்கக் கேக் கடைக்குள் போக வேண்டுமா என்று தயங்கி நின்றவனை, "வாங்க, உள்ள வாங்க, டீ சாப்பிடலாமுங்க" என்று கடைக்காரர் கூப்பிட்டார். இங்கே டீக்கடைக்கே பேர் பேக்கரி. தேங்காய் பன் ஒன்று வாங்கினேன். பிய்த்தால் உள்ளே சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் வழிகிறது. அதைத் தின்ற பிறகு காலைப் பலகாரம் தேவைப்படவில்லை.

பஸ் நிலையத்தில்தான் முதல் கோளாறு. கிளம்ப நின்ற பஸ்ஸின் கண்டக்டரிடம், "சத்தி போகுமா?" என்று கத்தினேன். நான் சாதாரணமாகக் கேட்டாலே அது கத்துவது மாதிரிதான் இருக்கும். வாய்க்கால் அக்கரையில் நிற்பவரோடு பேசிப் பழகிய தொண்டை. "போலாமுங்க, ஏறுங்க" என்றார். ஏறினேன். காரமடை தாண்டி நீலமலை பஸ்ஸின் முன்கண்ணாடி முழுக்க எழுந்து நின்றபோதுதான் சந்தேகம் வந்து பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டேன்.

"இது மேட்டுப்பாளையம் பஸ்ஸுங்க" என்றார்.

"சத்தி போலாம்னு சொன்னாரே?"

"போலாமுங்களே. மேட்டுப்பாளையத்துல எறங்கி வேற பஸ் ஏறுனா போலாமுங்க. சித்த சுத்து, அவ்வளவுதானுங்க."

அவர் நான் ஏறும்போதே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஏறின மனிதரை இறங்கச் சொல்வது எப்படி என்று விட்டுவிட்டாராம். கோபம் வந்தது. ஆனால் இவ்வளவு 'ங்க' போட்டுப் பேசுகிறவரிடம் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் பாக்குக் குவியல்களையும், மலையிலிருந்து இறங்கிய முட்டைக்கோஸ் மூட்டைகளையும் வேடிக்கை பார்த்துவிட்டு, சத்தி பஸ் பிடித்தேன். சுற்றுதான். ஆனாலும் போகலாம் என்று கண்டக்டர் சொன்னது பொய்யில்லை.

ஊர்ப் பெயர் பாளையத்தில் முடியும். இந்தப் பக்கத்தில் அது ஒரு அடையாளமே இல்லை என்பதால் அதோடு விடுகிறேன். இறங்கிய இடம் தார்ச்சாலை. சாந்தாமணி அம்மாவின் தோட்டத்து வீடு அங்கிருந்து உள்ளே. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டி போகிற அளவு மண் பாதை. இட்டேரி என்கிறார்கள். ஆட்டோவில் அந்தப் பாதையில் பாதி தூரம் நிம்மதியாகப் போனேன். பிறகு ஒரு ஓடை குறுக்கிட்டது. ஓடையைப் பள்ளம் என்று சொல்கிற ஊர் இது. அதன்மேல் முன்பு சிமெண்டுக் குழாய் பதித்த சிறு பாலம் இருந்திருக்கிறது. போன மழையில் குழாய்கள் புரண்டுபோய் இப்போது வெறும் குழியும் சேறும்தான்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்றார் ஆட்டோக்காரர். பிடித்துக்கொண்டேன். ஆட்டோ இறங்கியது, ஏறவில்லை. தள்ளலாம் என்று நான் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு தள்ளுத் தள்ளினேன். ஆட்டோ ஏறிவிட்டது. நான் குப்புற விழுந்தேன்.

முழங்கால் சிராய்த்து, மூக்கு வரை சேறோடு போய் நின்றவனைப் பார்த்துச் சாந்தாமணி அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். ஐம்பது வயதை ஒட்டிய, ஒடிசலான, வேகமான பெண்மணி. "ஏனுங்க! உழுந்துட்டீங்களா? அய்யோ, ஊட்டுக்கு வந்த ஒறம்பரைய இப்பிடி உழுக உட்டுப்போட்டமே!" ஒறம்பரை என்றால் விருந்தாளி. மாடு வாங்க வந்தவனையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். வெந்நீர் வந்தது, மஞ்சள் பற்று வந்தது, பக்கத்துத் தோட்டத்து ரங்கசாமி ஓடி வந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். என்னைப் பார்த்துவிட்டு, கூட வந்த தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் எனக்கே மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார்: "பாவம், தண்ணிக்குள்ளயே பொறந்து வளந்த மனுசன், இந்தத் துளியூண்டு தண்ணியில உழுந்துட்டாரேன்னு சொல்றாருங்க." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழைய வேகவைத்து, சின்ன வெங்காயம் பூண்டு தாளித்து, மேலே நெய். எங்கள் வீட்டில் அரிசிக்கு ஒரு பானை, பருப்புக்கு ஒரு சட்டி, குழம்புக்கு ஒரு சட்டி என்று அடுப்பே போதாது. இங்கே ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்துவிட்டது, ருசியும் குறையவில்லை. மூன்றாவது முறை நானே தட்டை நீட்டினேன்.

பிறகு மாடு. கட்டுத்தரையில் செவலை ஒன்று, வெள்ளை ஒன்று. செவலையின் கழுத்தில் கை வைத்தேன். அது முகத்தைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் நிற்க வசதியாக ஓர் அடி ஒதுங்கி நின்றது. நண்பர் சொன்னது உண்மைதான். அந்த நிமிஷமே எனக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது.

மறுநாள் காலை பால் கேனோடு சாந்தாமணி அம்மா கிளம்பியபோது நானும் நொண்டிக்கொண்டே கூடப் போனேன். முன்பெல்லாம் பால் வேன் வீட்டு வாசலுக்கே வருமாம். பாலம் போனதிலிருந்து வேன் தார்ச்சாலையோடு சரி. மொபெட்டில் கேனைக் கட்டினாலும் பள்ளத்தில் இறக்கி ஏற்ற முடியாது. ஒரு கேனை இடுப்பில் வைத்துக் குழியில் இறங்கி, அந்தப் பக்கம் வைத்துவிட்டு, திரும்பி வந்து அடுத்ததை எடுக்கிறார். காலையில் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை. பள்ளத்தில் தண்ணீர் ஓடும் நாளில் அதுவும் முடியாது. பால் வீட்டிலேயே கிடக்கும். தயிராக்கி அக்கம்பக்கத்துக்கு எவ்வளவுதான் கொடுப்பது?

"மண்ணு கொட்டிப் பாத்தோமுங்க. பள்ளத்துல தண்ணி வந்துச்சுன்னா கரைஞ்சுபோவுது. வேன்காரரும் நம்ப மாட்டேங்கறாரு. குழாய் வச்சுக் கட்டுனாத்தான் நிக்குமுங்க."

"கேக்கலையா?"

"கேக்காம இருப்பமுங்களா? கிராம சபைக்குப் போறப்பவெல்லாம் மனு குடுக்கறோமுங்க. வாங்கிக்கறாங்க. நாங்களும் நன்றி சொல்லிப்போட்டு வந்துடறோமுங்க."

அவருடைய வீட்டுக்காரர் பெருந்துறையில் ஒரு மில்லில் காவல் வேலை பார்க்கிறார். மாட்டைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தைப் பூட்டிக்கொண்டு நீயும் வந்துவிடு, அதே மில்லில் வேலை இருக்கிறது என்கிறாராம். "எனக்கு அந்த மிசின் சத்தம் ஆவாதுங்க. மாட்டுச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராதுங்க" என்றார் சாந்தாமணி அம்மா. சொல்லிவிட்டு, கேனைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வீடு திரும்பும்போது சேதி வந்தது. ஒன்றிய ஆபீசிலிருந்து இன்ஜினியர் நாளைக்குப் பள்ளத்தைப் பார்க்க வருகிறார். சாந்தாமணி அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிப்போடறனுங்க. நாளைக்கு அவிய பாலம் கட்டறோம்னு சொல்லிட்டாங்கன்னா மாடு எங்கிட்டயே இருக்கட்டுமுங்க. இல்லீன்னுட்டா நீங்களே ஓட்டீட்டுப் போயிருங்க. ஒரு நாளு பொறுத்துக்குவீங்களா?"

பொறுத்துக்கொள்கிறேன் என்றேன். பாலம் வரக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. வர வேண்டும் என்று விழுந்து விழுந்து வேண்டிக்கொள்ளவும் இல்லை. மனைவி போனில், "மாடு கைக்கு வந்துச்சா?" என்றாள். "கழுத்த தொட்டுட்டேன்" என்றேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தேன். எழுந்து பார்த்தால் பள்ளத்தில் திருவிழா. ரங்கசாமியின் டிராக்டர் கிராவல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். கல்லடுக்கி, மண் மூட்டை போட்டு, மேலே கிராவலைப் பரப்பி, டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டித் திமிசு போட்டது போல அழுத்திவிட்டார்கள். சாந்தாமணி அம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான் ரங்கசாமியை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஏங்க, நாளைக்கு இன்ஜினியர் பாக்க வர்றதே குழியத்தானே?"

"ஆமாங்க."

"அத நீங்களே மூடிட்டா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்தைக்கு நீங்க உழுந்தீங்க. நாளைக்கு அவிய உழுகோணுமுங்களா? அவிய ஆபீசராவே இருக்கட்டும், ஊருக்கு வர்றவியள குழிக்குள்ளயா உடறதுங்க?"

எங்கள் ஊரில் அதிகாரி பார்க்க வருகிறார் என்றால், இருக்கிற குழியை இன்னும் கொஞ்சம் வெட்டி, நாலு குடம் தண்ணீரும் ஊற்றி வைப்போம். பயிர் சேதம் பார்க்க வந்தால் நல்லா இருக்கிற வயல் பக்கம் கண் போகாதபடி பேசிக்கொண்டே கூட்டிப் போவதற்கென்று தனி ஆள் உண்டு. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். என்னை விழவைத்த குழி என்பதால்தான் இவ்வளவு வேலையும் நடக்கிறது என்று நினைத்தபோது வாய் எழவில்லை. செவலையின் நினைப்பும் கொஞ்சம் தடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மத்தியானம் போல இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். இளைஞர், நல்ல மனிதர், பல ஊர் சுற்றி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஜீப் பள்ளத்தைத் தாண்டியதே அவருக்குத் தெரிந்திருக்காது. அப்படி வழுக்கிக்கொண்டு வந்தது. இறங்கியதும் இளநீர். அடுத்து சந்தகை என்று இடியாப்பம் மாதிரி ஒன்று, அதற்குத் தேங்காய்ப் பால். அதற்கடுத்து நெய் மிதக்கும் ஒப்புட்டு. எங்கள் ஊர்ப் போளிதான், ஆனால் அகலம் இரண்டு மடங்கு. அவர் போதும் போதும் என்று கையால் தட்டை மறைக்க, இவர்கள் விடவில்லை.

"சரிங்க, என்ன பிரச்சினை சொல்லுங்க" என்றார் கை கழுவிவிட்டு.

தோட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ரங்கசாமி, "பெரிய பிரச்சினைன்னு ஒண்ணும் இல்லீங்க. அந்தப் பள்ளத்துல ஒரு சின்னப் பாலம் இருந்துச்சுன்னா நல்லாருக்குமுங்க" என்றார்.

"நான் வந்த வழிதானே? பாதை நல்லாத்தானே இருக்கு?" இன்ஜினியருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "இதவிட மோசமா எத்தனையோ இடம் இருக்குங்க. மொதல்ல அதப் பார்த்துட்டு, அடுத்த வருஷம் இத யோசிக்கலாம்."

"ஆகட்டுங்க" என்றார் ரங்கசாமி. "சரிங்க" என்றார்கள் மற்றவர்கள். வந்தவர் சொன்னதை மறுத்துப் பேச ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. சாந்தாமணி அம்மா கும்பிட்டார். பிறகு மெல்ல நடந்து கட்டுத்தரைக்குப் போனார். செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். "கயித்த எடுங்க" என்றார் என்னிடம். குரலில் ஒன்றும் இல்லை. செவலை ஒதுங்கி எனக்கு இடம் விட்டது.

பைக்குள் கை விட்டேன். புதுக் கயிறு சொரசொரவென்று கையில் பட்டது. வெளியே ஜீப் கிளம்பும் சத்தம். அப்புறம் நான் யோசித்துச் செய்தது ஒன்றுமில்லை. கயிற்றைக் கையில் பிடித்தபடியே நொண்டிக்கொண்டு ஓடினேன்.

"யோவ், வண்டிய நிப்பாட்டு!"

அந்த ஊர் அப்படியொரு சத்தத்தைக் கேட்டிருக்காது. டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினேன். "சார், நான் தஞ்சாவூர்க்காரன். முந்தாநாள் இதே எடத்துல விழுந்தேன், பாருங்க. நீங்க வந்தது ரோட்டு மேல இல்ல சார், இவங்க மரியாத மேல வந்தீங்க. உங்க வண்டி ஆடக் கூடாதுன்னு நேத்துதான் ஊரே சேந்து குழிய மூடுச்சு!"

இன்ஜினியர் இறங்கி வந்தார். செருப்பு நுனியால் கிராவலைக் கிண்டினார். புதுமண். ரங்கசாமி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, குழியப் பாக்கத்தானே நான் வந்தேன்? இப்ப நான் எத போட்டோ எடுத்து மேல அனுப்புறது? இந்தப் போட்டோவப் பாத்தா எனக்கே பாலம் வேண்டாம்னு தோணுதே!"

"அப்ப தோண்டிருங்க" என்றேன் நான்.

எல்லாரும் என்னை முறைத்தார்கள். ஒரு முழு மத்தியான வேலை அது. ஆனால் சாந்தாமணி அம்மா ரங்கசாமியின் பக்கம் திரும்பி, "டிராக்டர எடுங்கண்ணா" என்றார். "ஜீப்பு மொதல்ல அக்கட்டால போயிரட்டும். பொறகு தோண்டுங்க."

ஜீப் அந்தப் பக்கம் தாண்டிப் போனது. டிராக்டர் கிராவலை வாரி எடுத்தது. மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். உள்ளிருந்து பழைய குழி, பழைய சேறு, புரண்டு கிடந்த உடைந்த குழாய் எல்லாம் வெளியே வந்தன. இன்ஜினியர் போனில் படம் எடுத்து முடித்தபோது பொழுது இறங்கியிருந்தது. அவர் இந்தப் பக்கம், ஜீப் அந்தப் பக்கம், நடுவில் குழி. அப்போதுதான் அது அவருக்கு உறைத்தது.

சாந்தாமணி அம்மா சாயங்காலப் பாலோடு வந்தார். இரண்டு கேனையும் கரையில் வைத்தார். கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு, "ஏனுங்க சார், அக்கட்டாலதான போறீங்க? தப்பா நெனச்சுக்காதீங்க, இந்தக் கேன ஒரு கை புடிங்க" என்றார்.

ரங்கசாமி பதறிப்போய் கேனைப் பிடுங்க ஓடினார். "உடுங்கண்ணா" என்றார் அந்த அம்மா, அமைதியாக. விருந்தாளியிடம் சுமை கொடுத்தது அவருக்கு அதுதான் முதல் முறையாக இருக்க வேண்டும்.

இன்ஜினியர் கால்சட்டையை மடித்துவிட்டுக் கேனைத் தூக்கினார். இறங்கும்போது ஒரு கால் முழங்கால் வரை சேற்றில் புதைந்தது. கேன் சாய்ந்தது, பால் கொஞ்சம் சிந்தியது. அக்கரை ஏறியதும் மூச்சு வாங்கக் கேனைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிக் குழியைப் பார்த்தார். "தினமும் இப்படியா?" என்று, மற்றக் கேனோடு பின்னால் ஏறி வந்த சாந்தாமணி அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க. ரெண்டு நேரமும்ங்க. மழை வந்தா இதுவும் இல்லீங்க."

"ஏம்மா இத மொதல்லயே சொல்லல?"

வேன் ஹாரன் அடித்தது. அந்த அம்மா இரண்டு கேனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த இன்ஜினியரிடம் ஒன்று சொல்ல நினைத்தேன், சொல்லவும் செய்தேன்: இந்தப் பக்கம் பார்க்க வருவதாக இருந்தால் சொல்லாமல் வாருங்கள், மழை பெய்த மறுநாள் வாருங்கள், சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விவசாயிக்கு உங்களிடம் வேண்டியதில் பாதி அதுதான் என்றேன். அவர் சேற்றுக் காலோடு சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். பாலம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் கிளம்பினேன். மாட்டைப் பற்றிச் சாந்தாமணி அம்மாவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இன்ஜினியர் மேலே அனுப்புகிற படம் என்ன ஆகிறது என்று பார்க்கிற வரையில் மாடு இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. பொட்டலம் கட்டி ஒப்புட்டு கொடுத்தார். "உங்கள வெறுங்கையோட அனுப்பறமே" என்று அவர்தான் வருத்தப்பட்டார். செவலையின் கழுத்தில் ஒரு தரம் கை வைத்துவிட்டு வந்தேன். ஆசை போகவில்லை, போகவே இல்லை. இம்முறை பஸ் ஏறுமுன், "நேரா கோயம்புத்தூர்தானே? சுத்தாம?" என்று கேட்டு ஏறினேன்.

வீட்டில் மனைவி பையைத் திறந்தாள், கயிறு இரண்டையும் பார்த்தாள், ஒப்புட்டைத் தின்றாள், பிறகு பேசினாள். அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

சில வாரம் கழித்து ஒரு காலையில் சாந்தாமணி அம்மா போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, சவுரியமுங்களா? கால் ஆறிப்போச்சுங்களா? சிமெண்டுக் குழாய் வந்து எறங்கிருச்சுங்க. நாளைக்கு இன்ஜினியரு நின்னு வேலைய ஆரம்பிச்சு வக்கறாருங்க."

"அப்படியா!" என்று நான் கத்தியது அவருக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். "அப்ப செவல அங்கயேதானா?" என்று கேட்டேன்.

"இங்கயேதானுங்க. சினையா இருக்குது. கன்னு போட்டா மொதல்ல உங்களுக்குத்தானுங்க, கயித்தப் பத்தரமா வச்சிருங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் ஏதோ மன்றாடுவது கேட்டது.

"யாரும்மா அது?"

"ரங்கசாமியண்ணனுங்க. நாளைக்கு அவிய வரும்போது வண்டி ஆடிப்போகும், ரெண்டு நடை மண்ணு மட்டும் கொட்டிப்போடறேன்னு காலையிலிருந்து நிக்கறாருங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "டிராக்டர் சாவி எங்கிட்ட இருக்குதுங்க. குழாய் குழிக்குள்ள எறங்கற வரைக்கும் குடுக்கமாட்டனுங்க."